குழாயில் கேட்டவர்கள், ஹெட்போனில் கேட்டவர்கள்

பாகூர்ப் பக்கம் கல்யாண வீட்டில் குழாய் கட்டினால் முதலில் சாமி பாட்டு, அடுத்தது ராஜா பாட்டு. 'அன்னக்கிளி' வந்த 1976-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த வரிசை ஏரியும் வயலும்போல, என்றும் இருப்பது. எங்கள் பக்கம் கல்யாணங்களுக்குக் குழாய் கட்டும் மைக்செட் மாமா அந்த வரிசையின் காவல்காரர். 2012 செப்டம்பரில் 'நீதானே என் பொன்வசந்தம்' பாடல்கள் வெளியானபோது அவருக்கும் எங்களுக்கும் சண்டையே வந்துவிட்டது.

கௌதம் மேனன் படம். எட்டுப் பாட்டு, எல்லாம் நா. முத்துக்குமார் எழுதியவை. ஹங்கேரிய இசைக்கலைஞர்களைக் கொண்டு வாசிக்க வைத்திருந்தார் இளையராஜா. "ராஜா திரும்பி வந்துட்டாரு" என்று எங்கும் பேச்சு. அவர் எங்கே போயிருந்தார்? 2009-இல் 'நான் கடவுள்', 'பழசி ராஜா', 2010-இல் 'நந்தலாலா' என்று வேலை செய்துகொண்டேதான் இருந்தார். நாம்தான் பழைய கேசட்டுகளோடு நின்றுவிட்டோம்.

மாமா பாட்டுகளைக் குழாயில் போட்டுப் பார்த்தார். "என்னடா இது, ஒண்ணும் ஏறலியே!" என்றார். அவர் காது பொய் சொல்லவில்லை. குழாய் ஸ்பீக்கர் நடுத்தர ஒலியை மட்டும்தான் தூக்கி எறியும். அடிநாதம் அதில் செத்துப்போகும், மெல்லிய தந்தி ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகும். எண்பதுகளின் பாட்டில் குரலும் தபலாவும் முன்னால் நின்றன, வயல்வெளி தாண்டியும் மெட்டு வந்து சேர்ந்தது. 'காற்றைக் கொஞ்சம்' அப்படிக் கட்டப்பட்டதில்லை. கார்த்திக்கின் குரலுக்கு அடியில் வயலின்கள் தனியாக ஒரு பேச்சு நடத்துகின்றன. கன்னியக்கோயில் வழியாகப் புதுச்சேரிக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், செல்போனில் ஹெட்போன் மாட்டியிருந்த பையன்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். மாமா கேட்கவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் குழாய்மேல் போட மாட்டேன். 'பெண்கள் என்றால்' பாட்டில் யுவனின் குரல் அந்த மெட்டின் கனத்தைத் தாங்கவில்லை. அன்றைக்கே அப்படி நினைத்தேன், இன்றும் அதேதான். வேறொருவர் பாடியிருக்கலாம். அதே யுவன் 'சாய்ந்து சாய்ந்து' பாடும்போது அந்தத் தயக்கமே அழகாகிறது. ரம்யாவின் 'சற்று முன்பு' ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கோபமும் கெஞ்சலும் ஒரே மூச்சில் ஏறி இறங்குகிற பாட்டு அது.

"திரும்பி வந்துட்டாரு" என்ற அந்தப் பேச்சுக்கு வருகிறேன். 1982-இல் கலைந்த அமெரிக்காவின் பிளாண்டி குழு 1999-இல் 'நோ எக்ஸிட்' ஆல்பத்தோடு திரும்பியது. அதிலிருந்த 'மரியா' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அவர்களாவது நடுவில் பல வருஷம் குழுவாக இல்லாமல் இருந்தார்கள். திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் பொருந்தும். நாள்தோறும் ஸ்டுடியோவுக்குப் போன மனிதரிடம் போய் "பழைய மாதிரி இல்லையே" என்று நாம் கேட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மறுவருஷம் வில்லியனூர்த் தேருக்குப் போயிருந்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை வாசலில் மாமா நின்றிருந்தார். பேத்தியின் போனாம். "அந்தக் காத்துப் பாட்டு இருக்குமா தம்பி?" என்று கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "குழாய்ல போட மாட்டேன்டா, அது வேற" என்றார்.

(தொடரும்)