விலை இறங்கும், செலவு இறங்காது

ஷோரூமில் இருந்த காலத்தில் வசதி படைத்தவர்கள் மட்டுமே நெருங்க முடிந்த கார், 15 வருடம் கழித்து ஒரு சாதாரணச் சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மெர்சிடீஸ் பென்ஸ் இ-கிளாஸ் ஸ்டேஷன் வேகனை செகண்ட் ஹேண்டில் வாங்கும் குடும்பங்கள் முதலில் மயங்குவது இந்தக் கணக்கில்தான். தோல் இருக்கை, சத்தமே உள்ளே வராத கதவுகள், ஒரு வீட்டுச் சாமானை ஏற்றிவிடலாம் போன்ற பின்பக்கம்! அவ்வளவும் இந்த விலைக்கா என்று தோன்றும். ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரிபாகங்களின் விலையோ, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியோ இறங்கவில்லை. அவை இன்னும் பழைய பணக்காரக் கணக்கிலேயே இருக்கின்றன. யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனியை மலிவாகப் போட முடியாது.

இதைத் தெரிந்துகொண்டு வாங்கியவர்கள் இந்த வண்டியை விட்டுப் பிரிவதே இல்லை. தெரியாமல் வாங்கியவர்கள் ஒரே வருடத்தில் நஷ்டத்துக்கு விற்கிறார்கள். ஒரே வண்டியைப் பற்றி இவ்வளவு நேர் எதிரான அனுபவங்கள் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டேஷன் வேகன் என்பது செடான் காரின் கூரையைப் பின்கதவு வரை நீட்டிய வடிவம். டிக்கி தனியாக இருக்காது, எல்லாம் ஒரே அறை. மெர்சிடீஸ் தன் சொந்தத் தயாரிப்பாக இதை 1977-ல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் காட்டியது. அடுத்த வருடம் முதல் பிரேமன் தொழிற்சாலையிலிருந்து 123 வரிசை (நிறுவனத்தின் உள் மாடல் எண்) வேகன்கள் வெளிவந்தன. அமெரிக்காவுக்குப் போன 300 டிடி என்ற டீசல் வேகனின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் லட்சக்கணக்கான மைல் ஓடிப் பெயர் வாங்கியது. வேகமாகப் போகாது, நின்றும் போகாது. 1985-ல் 124 வரிசை வேகன் வந்தது. 1996 வரை தயாரான இந்த வண்டியைத்தான் பழைய மெர்சிடீஸ் பிரியர்கள் இன்றும் வலைபோட்டுத் தேடுகிறார்கள்.

இந்த வேகன்களின் உயிர்நாடி பின் சஸ்பென்ஷன். குடும்பமும் மூட்டைகளும் ஏறினால் எந்தக் காரின் பின்பக்கமும் தாழும், ஹெட்லைட் மேல்நோக்கிப் போகும், ஸ்டியரிங் லேசாகும். மெர்சிடீஸ் இதற்கு ஆரம்பத்திலேயே வழி கண்டுபிடித்தது. 123, 124 வரிசைகளில் எஞ்சினால் ஓடும் ஒரு பம்ப், பின் ஷாக் அப்சார்பர்களுக்கு ஆயிலை அழுத்தத்தோடு அனுப்பும். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி நேர்மட்டத்துக்கு வந்துவிடும். அந்த ஆயிலின் அதிர்வைத் தாங்குபவை நைட்ரஜன் வாயு அடைத்த இரண்டு உருண்டைகள். வருடங்கள் ஆகும்போது அவற்றின் உள்ளே இருக்கும் சவ்வு போய்விடும். அதன்பிறகு பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். “இந்த மாடல் இப்படித்தான்” என்று நினைத்துப் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. உருண்டைகள் இரண்டையும் மாற்றிய அன்றைக்கு வேறு காரில் ஏறியது போல இருந்தது என்கிறார்கள். இந்த வண்டிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிட மனதுக்கு நிறைவு தருவது வேறில்லை.

2003-ல் வந்த 211 வரிசையில் ஆயிலுக்குப் பதில் காற்று வந்தது. பின் சக்கரங்களுக்கு ரப்பர் ஏர் ஸ்பிரிங், காற்றை நிரப்ப ஒரு மின்சார கம்ப்ரஸர். பத்து வருடம் தாண்டியதும் ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விடும். காலையில் வந்து பார்த்தால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் உறுமும், வண்டி மெதுவாக எழுந்துவிடும். எழுந்துவிட்டதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். கசியும் காற்றை ஈடுகட்டிக் கட்டியே கம்ப்ரஸர் ஒருநாள் எரிந்துபோகும். ஒரு ஸ்பிரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டு மடங்காகும். இந்த வண்டி எந்தக் கோளாறையும் திடீரென்று காட்டுவதில்லை என்பது என் கருத்து. முன்கூட்டியே சொல்கிறது, கேட்பவர்கள் குறைவு.

211 வரிசையின் ஆரம்ப வருடங்களில் பிரேக் ஒரு தனிக்கதை. பெடலை மிதித்தால் கணினிக்கு உத்தரவு போகும். அழுத்தத்தைக் கொடுப்பது ஒரு மின்சார பம்ப். ஓட்டுநர் கதவைத் திறந்த உடனே அந்தப் பம்ப் முனகுவது காதில் விழும். பிரேக் எத்தனை முறை மிதிபட்டது என்று அந்த அமைப்பு தானே எண்ணிவரும். வரம்பைத் தொட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். 2004-ல் இந்த பிரேக் அமைப்புக்காக 6,80,000 கார்களை மெர்சிடீஸ் திரும்ப அழைத்தது. 2006-ல் வந்த திருத்திய மாடலில் பழைய முறைக்கே திரும்பிவிட்டது. மின்சார பம்ப் பிரேக் உள்ள ஆரம்பகால வண்டியில் பிரேக் பேட் மாற்றுவதென்றால் முதலில் அதைச் செயலிழக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் எந்த நேரமும் ஏறி, உள்ளே இருக்கும் விரல் நசுங்கும். தெரு ஓரத்து ஒர்க்‌ஷாப்பில் விடக்கூடாத வண்டி இது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

கூலிக் கணக்கைப் புரிந்துகொள்ள அதே வரிசையின் வி6 டீசலைப் பார்க்க வேண்டும். அதன் ஆயில் கூலர், எஞ்சினின் இரண்டு பக்க சிலிண்டர்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் உள்ள ரப்பர் சீல்கள் சூட்டில் காய்ந்து ஆயில் கசியும். சீல்களின் விலை பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த இடத்தை எட்ட டர்போவையும் இன்டேக் குழாய்களையும் கழற்றியாக வேண்டும். காசு முழுவதும் மணிக்கணக்குக் கூலியாகப் போகும். பெட்ரோல் வி6 வாங்குபவர்கள் எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் விசாரிக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் பேலன்ஸ் ஷாஃப்ட் பற்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

124-ம் குறையில்லாதது அல்ல. 1990-களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் வண்டிகளில் எஞ்சின் ஒயரின் மேலுறை வெப்பத்தில் நொறுங்கும். விரலால் வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். வாங்குமுன் பானெட்டைத் திறந்து இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இடையில் வந்த 210 வரிசையைத் துரு தின்றது. முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடமே துருவில் பிய்ந்துபோன வண்டிகள் உண்டு. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவு தலைவலி எதற்கு என்று கேட்கலாம். குழந்தைகளைக் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். இந்த வேகன்களில் டிக்கித் தளத்திலிருந்து மடித்து எழுப்பும் மூன்றாவது வரிசை இருக்கை ஒன்று உண்டு. அது பின்னோக்கிப் பார்க்கும். இரண்டு பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பின்னால் வரும் லாரி டிரைவருக்குக் கைகாட்டிக்கொண்டே போவார்கள். அப்பா அம்மாவின் பேச்சு எட்டாத தனி உலகம் அது. சில பிள்ளைகளுக்கு வாந்தி வரும். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும், அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனாலும் வளர்ந்த பிறகு தானும் அதே மாதிரி வேகன் தேடுகிறவர்கள் சொல்லும் முதல் நினைவு இந்த இருக்கைதான். அதை மடித்துவிட்டு நடுவரிசையையும் படுக்க வைத்தால் 211-ல் 1,950 லிட்டர் இடம். சைக்கிள், அலமாரி, பெரிய நாய் எல்லாம் மழையில் நனையாமல் போகும். உயரமான எஸ்யூவியில் நாய் குதித்து ஏறத் திணறும், இதில் நடந்தே ஏறிவிடும்.

நன்றாக ஓடும் வண்டிகளுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விடுபட்டிருக்காது, ரசீதுகள் கோப்பில் இருக்கும். இவை இருந்தால், ஓடிய கிலோமீட்டர் அதிகமாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர்கள் கவலைப்படுவதில்லை. கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. அதை நம்பாமல் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியவர்களின் வண்டியில்தான் இன்னும் கியர் வெண்ணெய் போல வழுக்கி மாறுகிறது. ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை கட்டாயம். அந்தத் தாள்களை வரிசையாகப் புரட்டினாலே வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். 30 வயது தாண்டிய, நல்ல நிலையில் உள்ள 124-க்கு அங்கே பாரம்பரிய வாகன நம்பர் பிளேட் கிடைக்கிறது. வரி குறையும், மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ளும் போகலாம். அதனால் அதன் விலை இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.

வாரம் ஒருமுறை ஆசையாக எடுத்து ஓட்ட வேண்டுமென்றால் 124 டீசலுக்கு ஈடில்லை. தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் ஓட வேண்டிய குடும்பத்துக்கு நான் சொல்வது 2006-க்குப் பிறகு வந்த 211-ல் நான்கு சிலிண்டர் இ 220 சிடிஐ. வி6-க்குள்ள கூலிச் செலவு அதில் இல்லை, சிக்கலான பிரேக்கும் இல்லை. ஐரோப்பாவில் டாக்ஸிக்காரர்கள் நம்பி ஓட்டிய எஞ்சின் அது. பின் ஏர் ஸ்பிரிங் இரண்டையும் கம்ப்ரஸரையும் மாற்றுவதற்கான பணத்தை, வண்டிக்கு விலை பேசும் அன்றே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.