கருப்பட்டி வாங்குமுன் கலயத்தை அறிவோம்

"அசல் கருப்பட்டிதானா அண்ணாச்சி?" நம் கடைகளில் அன்றாடம் கேட்கும் கேள்வி இது. தயக்கமின்றிப் பதில் சொல்ல வேண்டுமானால், சரக்கு உருவாகும் விதத்தை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சுந்தரபாண்டியபுரம், தென்காசி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நிற்கும் பனைகளைப் பார்க்கிறோம். ஏறத்தாழ மாசி முதல் ஆடி வரை பதநீர்க் காலம். பனையேறி காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியைச் சீவி, கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. மேல்நாடுகளில் சிறு விவசாயிகள் ஆப்பிள் சாற்றைப் புளிக்க விட்டு 'சைடர்' என்னும் மதுவாக்குகிறார்கள். பனஞ்சாறும் அவ்வாறே சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுப்பது சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை உள்ளது. எனவே பனையேறியின் பிழைப்பு பதநீரையும் கருப்பட்டியையுமே நம்பியிருக்கிறது.

இறக்கிய பதநீரை உடனே வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதைப் பொடி தூவுவர். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற விடுவர். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். விறகுச் செலவு, மரமேறும் கூலி இவற்றையும் கூட்டிப் பாருங்கள். சர்க்கரை விலைக்குச் சற்று மேலே கருப்பட்டி கிடைத்தால், அதில் சர்க்கரை கலந்திருக்கிறது என்று ஐயுறுவதே விவேகம்.

உடைத்துப் பார்த்தால் சர்க்கரை கலந்தது பெரும்பாலும் உள்ளே மினுமினுக்கும், கடினமாகவும் இருக்கும். அசல் சரக்கு மங்கலாகவும் கருமையாகவும் இருக்கும். இனிப்புடன் மெல்லிய கரிப்பும் நாவில் தெரியும். ஆயினும் இவை அடையாளங்களே. ஆய்வுக்கூடச் சோதனைதான் முடிவானது.

ஆகவே பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் தரும் பில்லே சரக்கின் தரத்துக்கு அவர் எழுதித் தரும் உத்தரவாதமாகக் கருதப்படும். மாதிரி எடுக்க அதிகாரி வரும்போது நமக்குத் துணை நிற்பது அந்தக் காகிதம்தான். சர்க்கரை கலந்த சரக்கை விற்க நேர்ந்தால், அதைச் சொல்லியே, தனி விலையில் விற்பது நல்லது.

இருப்பு வைப்பதிலும் கவனம் தேவை. குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். உப்பு மூட்டை அருகே வேண்டாம்.

உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அசல் சரக்குக்கு மதிப்பு கூடிவரும் காலம் இது. போலிக்கு நாம் இடம் கொடுத்தால் அசலுக்கு விலை கிடைக்காது. பனையேறி மரத்தை விட்டு இறங்கிவிடுவார். அதன்பின் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதிலும் இராது, சரக்கும் இராது.