பெண் உடலில் அலறும் ஆண் தலை! கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய அதிசய சிலை

உடல், ஒரு ராணியின் உடல். கழுத்துக்கு மேலே, வாயைப் பிளந்து அலறும் ஆணின் முகம்!

இப்படி ஒரு சிலை வழியில் நின்றால் என்ன சொல்வீர்கள்? "எவனோ கிறுக்கன் செஞ்ச வேலை" என்று சொல்லிவிட்டு பஸ்சைப் பிடிக்க ஓடுவீர்கள். ஆனால் இதைச் செய்தவர் உளியைத் தொடவில்லை. களிமண்ணைப் பிசையவில்லை. 300 ஆண்டுகளுக்கு முன்பு வேறு இருவர் செதுக்கிய 2 சிலைகளை எடுத்தார். கம்ப்யூட்டரில் ஒன்றின் தலையை வெட்டினார். இன்னொன்றின் கழுத்தில் ஒட்டினார். புது சிலை தயார்!

இது திருட்டா, கலையா? இதற்காக கோர்ட்டு சட்டம் வரைக்கும் போனவர்கள் உண்டு. விவரம் வருமாறு:-

மியூசியத்தில் 2 நாள்

2012-ம் ஆண்டு ஜூன் 1, 2 தேதிகள். அமெரிக்காவில் நியூயார்க் நகர மெட்ரோபாலிட்டன் மியூசியம், 25 டிஜிட்டல் கலைஞர்களையும் புரோகிராமர்களையும் அழைத்தது. மேக்கர்பாட் என்ற கம்பெனி தன்னுடைய 3டி அச்சு மிஷின்களோடு வந்து இறங்கியது. "எங்கள் சிலைகளை எடுத்துக் கொள்ளுங்கள். இஷ்டப்படி மாற்றுங்கள்" என்பதுதான் ஏற்பாடு.

வந்தவர்கள் ஒவ்வொரு சிலையையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று ஒரு சிலைக்கே டஜன் கணக்கில் படம்.

கம்ப்யூட்டர் இந்தப் படங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும். மூக்கு நுனி இந்தப் படத்தில் எங்கே, அந்தப் படத்தில் எங்கே என்று கணக்குப் போடும். ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பிடித்து, முக்கோணம் முக்கோணமாக இணைத்து, வலை போல ஓர் உருவம் கட்டிவிடும். அதுதான் டிஜிட்டல் மாடல். கேமரா எட்டாத அக்குள், தாடைக்கு அடி போன்ற இடங்களில் பொத்தல் விழும். அதை ஆள்தான் உட்கார்ந்து அடைக்க வேண்டும்.

பிறகு அச்சு. முறுக்கு பிழிவது போலத்தான். உருகிய பிளாஸ்டிக்கை மெல்லிய இழையாகப் பிழிந்து, அடுக்கின் மேல் அடுக்காக மிஷின் ஏற்றிக்கொண்டே போகும். அந்தரத்தில் நீட்டிய கை இருந்தால் கீழே விழுந்துவிடும். அதற்கு சாரம் கட்டுவது போல முட்டுக் கொடுத்து அச்சடித்து, ஆறியதும் முட்டை ஒடித்து எறிவார்கள்.

யார் தலை? யார் உடல்?

அன்று வந்தவர்களில் ஒருவர் ஜோனதன் மோனகன் என்ற கலைஞர். அவர் எடுத்த உடல், லீடாவின் உடல். கிரேக்கக் கதையில் ஸ்பார்ட்டா நாட்டு ராணி. தேவராஜன் சீயுஸ் அன்னப்பறவை வேடம் போட்டு வந்து அவளை ஏமாற்றிக் கெடுத்தான். பிரான்ஸ் நாட்டு சிற்பி ஜாக் சாரசான் 17-ம் நூற்றாண்டில் அவளைச் செதுக்கினார்.

தலை, மார்சியாஸ் தலை. அப்பல்லோ தேவனோடு வாத்தியப் போட்டி போட்டுத் தோற்ற பாவத்துக்கு, உயிரோடு தோலை உரிக்கப்பட்டவன். ஜெர்மன் சிற்பி பல்தசார் பெர்மோசர் அவன் அலறலைப் பளிங்கில் வடித்தார்.

கழுத்தை ஒட்டுவது சும்மா இல்லை. இரண்டு சிலைக்கும் அளவு வேறு, சாய்வு வேறு. ஒன்றைச் சுருக்கி, ஒன்றைத் திருப்பி, ஒட்டுத் தெரியாமல் வழித்துவிட வேண்டும். கடைசியில் பிறந்ததுதான் 'லீடாவும் மார்சியாசும்' கலந்த சிலை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். லீடா கதையை எத்தனையோ பேர் செதுக்கினார்கள், வரைந்தார்கள். பெரும்பாலும் அழகிய பெண், அழகிய பறவை, சொகுசான காட்சி. ஏமாற்றப்பட்டவள் ஒரு வார்த்தை கத்தினாளா என்று கேட்ட சிற்பி அபூர்வம். இங்கே இரவல் வாங்கிய தலை ஒன்று வந்து அவளுக்காகக் கத்துகிறது! இரண்டு பழைய சிலைகளில் எதிலும் இல்லாத ஒரு சங்கதி இது. ஆகவே வெறும் வெட்டு ஒட்டு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கொம்பை நாய்க்கும் இறக்கையை யானைக்கும் ஒட்டி வேடிக்கை காட்டுகிறவர்களும் ஏராளம் உண்டு. அது வேறு ரகம்.

டிராகனுக்கு நேர்ந்த கதி

மார்சியாசைச் செய்தவர் செத்து 3 நூற்றாண்டு ஆகப்போகிறது. வழக்குப் போட வரமாட்டார். உயிரோடு இருப்பவர் மாடல் என்றால்?

2016-ல் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. ஒரு பெண் கலைஞர், தான் செய்த டிராகன் மாடலை இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருந்தார். "பெயர் போடணும், விற்கக் கூடாது" என்பதுதான் நிபந்தனை. ஒரு கம்பெனி அதையும், மற்றவர்கள் மாடல்களையும் அச்சடித்து விலை போட்டு விற்றது. கேட்டால், "இலவசமாகப் போட்டீங்க இல்லே? அப்போ அது பொதுச் சொத்து" என்று வாதாடியது! கலைஞர்கள் கொதித்தார்கள். கடைசியில் சரக்கு கடைப்பக்கத்தில் இருந்து தூக்கப்பட்டது.

லிங்கன் நகரம் இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் உள்ள அந்த ஊர் மியூசியத்து சிலைகளை ஆஸ்திரியக் கலைஞர் ஆலிவர் லாரிக் ஸ்கேன் செய்து, 2013-ல் எந்த நிபந்தனையும் இல்லாமல் வெளியே விட்டார். யார் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம், விற்கலாம்.

ராணி நெபர்டிட்டி வழக்கு

பெரிய பரபரப்பு பெர்லினில். எகிப்து ராணி நெபர்டிட்டியின் மார்பளவு சிலை 1912-ல் அமர்னாவில் தோண்டி எடுக்கப்பட்டு ஜெர்மனிக்குப் போனது. எகிப்து பலமுறை திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை.

2015 டிசம்பரில் நோரா அல் பத்ரி, ஜான் நிகோலாய் நெல்லஸ் என்ற 2 கலைஞர்கள், "மியூசியத்துக்குத் தெரியாமல் கோட்டுக்குள் மறைத்த கருவியால் ராணியை ஸ்கேன் செய்தோம். இந்தாருங்கள்" என்று மாடலை உலகத்துக்கே அள்ளிக் கொடுத்தார்கள். நிபுணர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "அந்தச் சின்னக் கருவியில் இத்தனை துல்லியமா? இது மியூசியமே எடுத்து வைத்திருந்த ஸ்கேன் மாதிரி அல்லவா இருக்கிறது!" என்ற சந்தேகம் கிளம்பியது.

அப்போதுதான் கலிபோர்னியா கலைஞர் காஸ்மோ வென்மன் களத்தில் குதித்தார். தகவல் கேட்கும் சட்டப்படி, "உங்கள் ஸ்கேனைக் கொடுங்கள்" என்று ஜெர்மன் அதிகாரிகளிடம் மனு கொடுத்தார். "கொடுத்தால் எங்கள் பொம்மை வியாபாரம் கெட்டுவிடும்" என்றார்கள் அவர்கள். சரி, ஸ்கேனால் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று துருவினார். சுமார் 10 ஆண்டில் 5 ஆயிரம் யூரோ கூடத் தேறவில்லை!

3 ஆண்டு இழுபறிக்குப் பிறகு மாடல் கைக்கு வந்தது. 2019 நவம்பரில் அதை எல்லோருக்கும் வெளியிட்டார். ஆனால் கொடுத்தவர்கள் லேசுப்பட்டவர்களா? ராணியின் அடிப்பாகத்தில், மாடலிலேயே ஒரு வாசகத்தைச் செதுக்கி அனுப்பியிருந்தார்கள். "எங்கள் பெயரைப் போட வேண்டும், வியாபாரம் கூடாது" என்பது அதன் பொருள். 3 ஆயிரத்து 300 ஆண்டு பழைய சிலைக்கு, புது உரிமை முத்திரை!

மாடல் கையாளத் தெரிந்தவருக்கு அந்த அடிப்பாகத்தைச் சீவி எடுக்க ஒரே ஒரு வெட்டு போதும்.