மதுரையில் பேச ஆரம்பித்த சிங்கள சினிமா

‘பைலட் பிரேம்நாத்’ (1978) படத்தில் சிவாஜிக்கு ஜோடியாக நடித்த மாலினி பொன்சேகாவை நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அவர் சிங்களத் திரையின் ராணியாக இருந்தவர் என்றும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் சிங்கள சினிமா முதன்முதலில் வாய் திறந்து பேசியது நம்ம மதுரையில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் படத்தின் பெயர் ‘கடவுனு பொரொந்துவ’. முறிந்துபோன வாக்குறுதி என்று அர்த்தம். அப்போது இலங்கையில் ஸ்டூடியோ வசதி கிடையாது. அதனால் ஒரு சிங்கள நாடகக் குழுவைக் கடல் தாண்டிக் கூட்டிவந்து, மதுரை சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் படம் பிடித்தார்கள். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். டைரக்டர் ஜோதிஷ் சிங்கோ வங்காளி! 1947 ஜனவரியில் கொழும்பில் படம் வெளியாயிற்று. அதே வருஷம் அடுத்த படமான ‘அசோகமாலா’ கோயம்புத்தூரில் தயாரானது. அதில் பாடிய முகைதீன் பேக் சேலத்தில் பிறந்தவர். சிங்கள பௌத்தர்கள் இன்றைக்கும் உருகிக் கேட்கும் பக்திப் பாட்டுக்களைப் பாடியவரும் இவர்தான்.

முதல் கதாநாயகி ருக்மணி தேவியின் கதை இன்னும் விசேஷம். நுவரெலியாப் பக்கம் ரம்பொடையில் 1923-ல் பிறந்தவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ராசம்மா என்ற பெயரே சொல்கிறதே, நம்ம வீட்டுப் பெண் மாதிரி! சின்ன வயசிலேயே மேடை ஏறி, 1939-ல் இசைத்தட்டில் பாடி, பிறகு திரைக்கு வந்து ஊரையே மயக்கினார். படங்கள் குறைந்த பிறகும் ஓய்வு கிடைக்கவில்லை. ஊர் ஊராக மேடைகளில் பாடிக் கொண்டிருந்தார். 1978 அக்டோபரில் அப்படி ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போது கார் விபத்தில் இறந்தார். ஐம்பத்தைந்து வயதில் ராத்திரிப் பயணம் போய்ப் பாட வேண்டியிருந்ததே என்று நினைத்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

ஆரம்ப காலப் படங்களில் மெட்டு, நடனம், சிரிப்பு எல்லாம் தமிழ், ஹிந்திப் படங்களைப் பார்த்துச் செய்ததுதான். அதை மாற்றியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956-ல் ‘ரேகாவ’ படத்துக்காக காமிராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு ‘கம்பெரலிய’ (1963). டூயட்டும் கிடையாது, டான்ஸும் கிடையாது. நொடித்துப்போகும் ஒரு பெரிய வீட்டின் கதை. இது 1965-ல் டில்லி திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வாங்கியது.

அதை எடிட் செய்தது ஒரு பெண், சுமித்ரா! லண்டனில் போய் சினிமா படித்து வந்தவர், லெஸ்டரின் மனைவியானார். 1978-ல் தானே ‘கெஹெனு லமாய்’ (பெண் பிள்ளைகள்) படத்தை டைரக்ட் செய்தார். ஏழை வீட்டுப் பெண் குசும், வசதியான வீட்டுப் பையன் மேல் ஆசை வைக்கிறாள். குடும்பம், கடமை, ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிடுகின்றன. சத்தம் போட்டு அழும் சீன்களை எதிர்பார்க்காதீர்கள். அவள் பேசாமல் நிற்பதுதான் நம்மை என்னவோ செய்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினம் என்ற தமிழரின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். எத்தனையோ சிங்களப் படங்களின் நெகடிவ்களும் சேர்ந்தே சாம்பலாயின. சிங்களப் படங்களை இயக்கி வந்த கே. வெங்கட் என்ற தமிழர் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். யாருடைய சொத்தை யார் எரித்தார்கள், பாருங்கள்.

சுமித்ரா 2023-லும், மாலினி 2025-லும் காலமாகிவிட்டார்கள். ‘கெஹெனு லமாய்’ படத்தை மும்பையிலுள்ள பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் புதுப்பித்து, 2025-ல் கான் விழாவில் திரையிட்டது. எங்காவது கிடைத்தால் வயசுக்கு வந்த பெண்ணையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பாருங்கள். பாஷை தெரியாவிட்டாலும் குசுமின் முகம் போதும்.