விரிசல் மெருகு: கண்ணுக்கு அழகு, உணவுக்கு அன்று

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பலருக்கும் நினைவுக்கு வருவன பீங்கான் பொருள்களே. பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சாதனப் பீங்கான்களும் இங்குள்ள சூளைகளில் உருவாகின்றன. இவற்றுக்குப் பளபளப்பைத் தருவது மெருகுப் பூச்சு. அது சூளையின் வெப்பத்தில் உருகிப் படியும் ஒருவகைக் கண்ணாடியே.

சூளை ஆறும்போது மண்ணுடலும் மெருகும் சுருங்குகின்றன. மண்ணைவிட மெருகு மிகுதியாகச் சுருங்கினால், அது இழுபட்டு வலைபோல வெடிக்கும். அன்றாடப் பாத்திரத்தில் இது குறை. கலைஞர் வேண்டுமென்றே சோடா, பொட்டாஷ் ஆகியவற்றைக் கூட்டி உருவாக்கினால் அதுவே அலங்காரம். சீனத்துச் சோங் அரசர் காலத்துக் கலங்களோடு இவ்வழகு புகழ்பெற்றது. விரிசல்களில் மையைத் தேய்த்து, கோடுகளை எடுப்பாகக் காட்டுவதும் உண்டு. கோலம்போன்ற வடிவங்களுக்கு வேறொரு முறை உண்டு: மெழுகால் வரைந்த இடத்தில் மெருகு ஒட்டாது, மெழுகு சூளையில் எரிந்துபோக, மண்ணின் நிறம் கோலமாகத் தெரியும்.

இத்தகைய கலத்தில் உணவு வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் அறிவுரை. காரணங்கள் இரண்டு. முதலாவது, மை நுழையும் விரிசலில் குழம்பும் பாலும் நுழையும். அடியிலுள்ள மண் நன்கு வெந்து இறுகாததாயின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் அங்குத் தங்கும் எச்சத்தில் கிருமிகள் வளரக்கூடும்.

இரண்டாவது காரணம் ஈயம். குறைந்த வெப்பத்தில் மெருகு உருகுவதற்காக ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. விரிசல் மெருகு அனைத்திலும் ஈயம் இருப்பதில்லை. விரிசலற்ற கலத்திலும் அது இருக்கலாம். கண்ணால் பார்த்து அறிய இயலாது. புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி ஆகியவற்றின் புளிப்பு அதைக் கரைத்தெடுக்கும். சூடும் நீண்ட நேரச் சேமிப்பும் கரைவதை மிகுதியாக்கும். கொதிக்க வைத்தாலும் ஈயம் அழியாது.

ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதனை மிகுதியாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் அது செல்லும். காரணம் புலப்படாத வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை ஆகியவை இருந்தால் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும்.

செய்பவர்களின் நலம்

மெருகிலும் களிமண் கலவையிலும் உள்ள சிலிக்காத் தூசி ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்றால் நுரையீரல் தழும்பேறும். காசநோயும் எளிதில் பற்றும். சிலிக்கோசிஸ், ஈய நச்சு இரண்டையுமே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டிருந்தது. பட்டறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள்; சாதாரணத் துணிக்கட்டு போதாது. வேலை உடையைத் தனியே துவையுங்கள். கை கழுவாமல் உண்ணாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நீடித்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலை முதலில் சொல்லுங்கள்.

விரிசல் மெருகுக் கலங்களை வாங்குங்கள், கைவினைஞர் வாழ்வர். அவற்றைக் கூடத்தில் வைத்து அழகு பாருங்கள். சமையலறைக்கு, உணவுக்கென்றே செய்யப்பட்ட, ஈயமற்றது என விற்பவர் உறுதிகூறும் விரிசலில்லாத பாத்திரங்களைத் தேர்ந்தெடுங்கள்.