மலைச்சரிவில் புல்லும் மரமும்

அடி அண்ணாமலையில் நின்று மலையை நோக்கினால் பசுமை ஒரே சீராக இராது. ஓடைக்கரைகளிலும் பாறை இடுக்குகளிலும் மரங்கள் கூட்டமாக நிற்கும், இடையிடையே புல்வெளி. மழைநீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு மண்ணை வாரிக்கொண்டு ஓடும் என்பது பெரிதும் இந்த அமைப்பைப் பொறுத்ததே. அடிவாரக் கிணறுகளின் நீர்மட்டத்துக்கும் இதில் தொடர்பு உண்டு.

பாறை மறித்த இடத்தில் வண்டலும் ஈரமும் தங்கி, முதல் செடி வேர்பிடிக்கிறது. அதன் சருகு மண்ணைப் பொலபொலப்பாக்கும். கிளையில் அமரும் பறவைகளின் எச்சத்தில் விதைகள் விழும். இவ்வாறு கூட்டம் விளிம்பிலிருந்து விரிகிறது.

இதைத் தடுப்பது தீ. தை, மாசியில் காய்ந்த சுக்குநாறிப்புல் எளிதில் பற்றிக்கொள்ளும். புல்லின் தூர் பிழைத்து, மழை கண்டதும் துளிர்க்கும்; இளங்கன்றுகளோ கருகிவிடும். அடுத்த ஆண்டும் அங்கே புல்தான், மீண்டும் தீதான். மரநிழலில் புல் குறைவு. ஆகவே அடர்ந்த கூட்டத்தின் விளிம்பில் தீ பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மலையில் 1980களின் இறுதி முதல் மரம் நட்டு வந்தவர்கள், கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதை நடவுக்கு இணையாகக் கருதுவது இதனால்தான்.

வெறுமையான இடம் வெறுமையாகவே நீடிப்பது கடலோரச் சதுப்பிலும் உண்டு. பிச்சாவரத்தில் முன்பு அலையாத்தி மரங்களை முழுவதும் வெட்டிய திட்டுகள் பள்ளமாயின. கடல் ஏற்றத்தில் வந்த நீர் வடியாமல் தேங்கி வற்றியதால் உப்பு ஏறி, உமரி போன்ற செடிகளே தாங்கின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தைச் சீராக்கிய பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன. அங்கே உப்பு, இங்கே தீ. முதலில் தடையை நீக்காமல் கன்று நடுவது வீண் செலவு.

2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில் நகரை ஒட்டிய சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் மாண்டனர். அத்தகைய பேய்மழையை மரம் மட்டுமே தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையில் மண் அரிப்பைக் குறைக்க வேர்ப்பிடிப்பு பெரிதும் உதவும்.

அடிவாரத்தில் சொந்த மேட்டுநிலம் உள்ள விவசாயிகள், திறந்த புல்வெளியின் நடுவில் நடாமல் ஏற்கெனவே உள்ள மரங்களின் ஓரத்திலிருந்து தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம் ஏற்ற தருணம். கன்றின் சரிவுப் பக்கம் பிறை வடிவில் சிறு கரை எடுத்து, சுற்றிலும் 3 அடிக்குப் புல்லைக் களைய வேண்டும். களைந்த புல்லை அங்கேயே விட்டால் கோடையில் அதுவே தீக்கு இரையாகும். மாட்டுக்கோ எருக்குழிக்கோ எடுத்துச் செல்லவும். புதுப்புல் வேண்டித் தீ வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். காப்புக்காட்டில் அது குற்றமும் ஆகும். கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை முள்வேலி அவசியம்.