வலிக்கு மனமும் மருந்து



தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது உயிரே போகிற மாதிரி வலிக்கும். பயம் அந்த வலியை இரட்டிப்பாக்கும்.

1845இல் வங்காளத்து ஹூக்ளியில், மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே, டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் நோயாளிகளை ஒருவகை உறக்கத்தில் ஆழ்த்தி ஆபரேஷன் செய்தார். அந்த முறைக்கு நெருங்கிய உறவுதான் ஹிப்னாடிசம். பின்னாளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீக்காய நோயாளிகளின் கண்ணில் கருவி மாட்டிப் பனிமலையைக் காட்டினார்கள். காதில் இதமாகப் பேசினார்கள். மனம் பனியில் இறங்கினால் வலியின் பிடி தளரும்.

இது மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

செண்டாயானிலிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கட்டு மாற்றக் கூட்டிப் போறீங்களா? "அழாதே" என்று அதட்டாதீங்க. மெதுவாக மூச்சுவிடச் சொல்லி, பிடித்த கதை சொல்லுங்க. வலி தாங்கலைன்னா டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.